கருவியும் கல்வியும்: தலைமுறைக் குற்றச்சாட்டுக்கு ஒரு மறுப்பு

அண்மைக் காலமாக எமது கல்வி மேடைகளில் ஒரே குற்றச்சாட்டு வெவ்வேறு குரல்களில் ஒலித்து வருகின்றது. பரிசளிப்பு விழாவில் உரையாற்றும் பிரதம விருந்தினரும், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசும் தந்தையரும், விரிவுரை மண்டபத்தில் சலிப்புறும் விரிவுரையாளர் சிலரும் இதனையே கூறுகின்றனர். இன்றைய மாணவர் வாசிப்பதில்லை, சிந்திப்பதில்லை, எதனையும் நினைவில் இருத்துவதில்லை, கைத்தொலைபேசியே அவர்களது கண்ணும் கருத்துமாகிவிட்டது, தாம் படித்த காலத்தில் நிலைமை இவ்வாறிருக்கவில்லை என்பதே அதன் சாரம். இதற்கு எதிர்முனையில் நின்று, இளைய தலைமுறை பிறக்கும்போதே தொழினுட்ப அறிவுடன் பிறந்துவிட்டது, ஆசிரியர்கள்தாம் பின்தங்கிவிட்டனர் எனப் புகழ்வோரும் உளர். ஒன்று வசை, மற்றையது வாழ்த்து. ஆயின், இரண்டும் ஒரே எடுகோளின்மீது எழுப்பப்பட்டவை. கற்றலிலே காணப்படும் வேறுபாடுகளுக்கு வயதே காரணம் என்பது அவ்வெடுகோள்.

அவ்வெடுகோள் தவறானது என்பதே எமது வாதம். எமது பாடசாலைகளிற் கருவிகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துள்ளன. ஆனால், அக்கருவிகளைக் கொண்டு மாணவர் ஆற்ற வேண்டுமெனப் பாடசாலை எதிர்பார்க்கும் காரியம் மாறவில்லை. கருவியைப் பெறும் வாய்ப்போ தலைமுறைகளுக்கிடையே அன்றி, ஒரே தலைமுறையின் வர்க்கங்களுக்கும் பிரதேசங்களுக்கும் இடையேதான் பிளவுண்டு கிடக்கின்றது. இவ்விரு உண்மைகளையும் மறைக்கும் திரையாகவே 'தலைமுறை இடைவெளி' என்னும் சொற்றொடர் இன்று பயன்படுகின்றது.

அச்சு நூலும் ஒருகாலத்திற் புதுமையே

நூலை உயர்த்தியும் திரையை இழித்தும் பேசுவோர், நூலும் ஓர் இயந்திரத்தின் விளைபொருள் என்பதை மறந்துவிடுகின்றனர். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலிலே விரலால் எழுதிப் பழகியது. பின்னர் ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வந்தன. நிகண்டையும் எண்சுவடியையும் அக்காலப் பிள்ளைகள் மனனஞ் செய்தமைக்கு அவர்களது தலைமுறையின் தனிச்சிறப்பான நினைவாற்றல் காரணமன்று. ஏடு அரிதாயிருந்தது, ஏட்டைப் பிரதிபண்ணுதல் கடினமாயிருந்தது. ஆகவே நெஞ்சையே ஏடாக்க வேண்டியிருந்தது.

இந்நிலையை அச்சு மாற்றியமைத்தது. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் நடத்திய அச்சகத்திலிருந்து 1841 ஆம் ஆண்டில் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியது. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்த ஆறுமுக நாவலர், அதனையடுத்து அச்சியந்திரத்தையும் நிறுவிக்கொண்டார்; பிள்ளைகளுக்கென உரைநடையிற் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பாதிரிமார் கொண்டுவந்த கருவி என்பதற்காக அவர் அதனை ஒதுக்கவில்லை. அதனைக் கொண்டு எதைக் கற்பிப்பது என்பதே அவர் முன் நின்ற வினா. அவரது கல்விப்பணியின் சமூக எல்லைகள் பற்றிய விமர்சனங்கள் வேறு, அவை நியாயமானவையுங்கூட. ஆயினும், புதிய கருவியின் முன் ஒரு கல்வியாளன் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதற்கு அவர் ஒரு முன்னுதாரணம் என்பதை மறுத்தற்கில்லை. அவருக்குப் பின் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் வழியும் இதுவே. 1887 இல் அவர் கலித்தொகையைப் பதிப்பித்ததனால் ஓலையின் பெருமை குன்றிவிடவில்லை. ஓலையில் இருந்தது பலருக்கும் உரியதாயிற்று.

இன்று மரபின் அடையாளமாகப் போற்றப்படும் அச்சு நூல், ஏட்டிற் பயின்றோருக்குப் புதுமையாகவே வந்து சேர்ந்தது. ஆகவே கருவியின் புதுமையையே குற்றமாகக் காட்டும் வாதம் எமது சொந்த வரலாற்றின் முன்னிலையிலேயே நிலைகுலைந்து போகின்றது.

போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோவும்

இனி, எமது பெற்றோர் தலைமுறையின் வாதத்துக்கு வருவோம். "நாங்கள் விளக்கு வெளிச்சத்தில் படித்து முன்னுக்கு வந்தவர்கள்" என்பது வடபுலத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாசகம். இது வெறும் பெருமைப் பேச்சன்று. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ். குடாநாடு மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்தது. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடையிருந்தது. மண்ணெண்ணெயை மிச்சம்பிடிப்பதற்காக ஜாம் போத்தலிற் செய்த சிறு விளக்கைச் சுற்றியிருந்து பிள்ளைகள் படித்தனர். 1995 இன் பெரும் இடப்பெயர்விலே புத்தகப் பையைச் சுமந்து நடந்தவர்களும் பின்னர் பரீட்சை எழுதினர். அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பிடுவார் எவரும் எம்மிடையே இலர்.

ஆனால் அவ்வரலாறு உணர்த்தும் பாடம் யாது? கருவியற்ற தூய கல்விக்கு அது சான்று பகரவில்லை. கருவி மறுக்கப்பட்ட மக்கள் கருவியைத் தாமே ஆக்கிக்கொண்டமைக்கே அது சான்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். இன்று கைத்தொலைபேசியோடு மல்லுக்கட்டும் பிள்ளையை நோக்கித் 'தொழினுட்ப மோகம்' என்று பழிப்பவர்கள், தாம் அன்று செய்ததற்கு என்ன பெயர் சூட்டுவர்? தேவை கருவியைத் தேடிற்று. கிடைத்ததைக் கொண்டு உலகத்தோடு தொடர்புகொள்ள முயன்றனர். இதுவன்றி வேறில்லை.

அவ்விளக்கின் கீழ் எதைப் படித்தனர் என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். மூல நூல்களைப் படித்தோர் இருந்தனர். ஆயின், பெரும்பான்மையோர் படித்தது ரியூட்டரியிற் சொல்லக்கேட்டு எழுதிய 'நோட்ஸ்'. முன்னைய ஆண்டில் சித்தியெய்தியவரின் கொப்பியைப் பார்த்தெழுதிய பிரதி. றோணியோவில் உருட்டிய மாதிரி விடைகள். பின்னர் அவ்விடத்துக்குப் போட்டோப் பிரதி வந்தது. அதன் பின் தொலைபேசிக்குள் அடங்கும் கோப்பு வந்தது. ஆக்கிவைத்த விடையை விழுங்கி வினாத்தாளிற் கக்கும் பழக்கத்தைக் கைத்தொலைபேசி கண்டுபிடிக்கவில்லை. அது தந்தை மகனுக்கு விட்டுச்சென்ற முதுசம்.

பிறவித் தேர்ச்சி என்னும் மாயை

வசைபாடுவோரைப் போலவே வாழ்த்துப்பாடுவோரும் மறுக்கப்பட வேண்டியவர்கள். 2001 ஆம் ஆண்டில் மார்க் பிரென்ஸ்கி என்னும் அமெரிக்க எழுத்தாளர், இளைய தலைமுறையினரை எண்மின் உலகின் சுதேசிகள் என்றும், மூத்தோரை அங்கு வந்து குடியேறியோர் என்றும் பாகுபடுத்தினார். இப்பாகுபாடு உலகெங்கும் கல்விக் கருத்தரங்குகளிற் புகுந்தது. கேட்பதற்கு இனிமையானதும், ஆசிரியரையும் அரசையும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதுமான கருத்து இது. பிள்ளைகள் பிறவியிலேயே அறிந்திருப்பார்களாயின் அவர்களுக்குக் கற்பிப்பானேன்?

உண்மை வேறு. திரையில் விரலோட்டும் வேகத்துக்கும் தேடிக் கண்டறியும் ஆற்றலுக்கும் தொடர்பில்லை. ஒரு காணொளியைச் சில நிமிடங்களில் வெட்டி ஒட்டிப் பதிவேற்றத் தெரிந்த மாணவர், ஒரு செய்தியின் மூலம் யாது, அதனை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று வினவத் தெரியாமற் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகின்றனர். நூலகப் பட்டியலிலே தேடவும், அடிக்குறிப்பிடவும் அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்கப்படாத ஒன்றை வயது கற்பித்துவிடாது.

எமது மொழியை எழுதும் விதத்தையே எடுத்துக்கொள்வோம். மூத்தோர் பலர் இன்றும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கின்றனர். பார்வைக்குத் தமிழாகத் தோன்றினும், கணனியின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் குறியீடாகவே சேமிக்கப்படுகின்றது. ஆகவே அவ்வாவணத்தைத் தமிழ்ச் சொல்லைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்தல் இயலாது. இளையோர் பலரோ ஆங்கில எழுத்திலே தமிழை எழுதி அனுப்புகின்றனர். அதுவும் தேடலுக்கு அகப்படாது. முன்னவர் அறியாமல் தமிழை ஆங்கிலக் குறியீட்டுக்குள் ஒளித்து வைக்கின்றனர்; பின்னவர் அறிந்தே அதனைச் செய்கின்றனர். இங்கே சுதேசி யார், குடியேறியவர் யார்?

வட்ஸ்அப்பில் வந்த வதந்தியை ஆராயாது பத்துப் பேருக்கு அனுப்புவோர் பாடசாலை மாணவர் மாத்திரமா? 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கெதிராக வன்முறை வெடித்தபோது, வெறுப்புப் பிரசாரத்தைக் காரணங்காட்டி அரசு சமூக ஊடகங்களையே முடக்க நேர்ந்தது. அப்பிரசாரத்தின் பின்னின்றோர் பதின்ம வயதுப் பிள்ளைகள் அல்லர் என்பதை நாடறியும். கருவியைப் பகுத்தறிவோடு கையாளாமை இளமையின் நோயன்று, கல்வியின் குறைபாடு.

பாறைமீது ஏறிய வகுப்பறை

தலைமுறை பற்றிய பேச்சு எத்துணை போலியானது என்பதை 2020 ஆம் ஆண்டு அம்பலப்படுத்தியது. அவ்வாண்டு மார்ச்சில் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறக்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டு, 2021 இன் பிற்பகுதி வரை அந்நிலை நீடித்தது. பாடசாலைக்குக் கொண்டுசென்றாற் பறிமுதலாகும் பொருளாக அதுவரை இருந்த கைத்தொலைபேசி, ஒரே இரவிற் பாடசாலையாகவே மாறிற்று. தொலைபேசியைத் தொடாதே என்று கண்டித்த அதே வாய்கள், தொலைபேசி இல்லையேல் பாடமில்லை என்று அறிவித்தன. இம்முரண்பாட்டுக்கு விளக்கம் தந்தவர் எவருமிலர்.

அக்காலத்தில் நிகழ்ந்தது யாது? 2021 இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ என்னும் கிராமத்து மாணவர், காட்டுப் பாதையால் நடந்து பாறையொன்றின்மீது ஏறி இணைய அலை பிடித்துப் பாடங்களைப் பெற்ற செய்தி உலக ஊடகங்களில் வெளிவந்தது. அவர்களது ஆசிரியையும் அப்பாறைக்கே ஏறிச்சென்றார். ஆசிரியை ஒரு தலைமுறை. மாணவர் மறு தலைமுறை. பாறை இருவருக்கும் ஒன்றே. அதேவேளை கொழும்பிலே தனியறையும் தடையற்ற இணையமும் மடிக்கணனியும் கொண்ட மாணவர் சூம் வகுப்பில் அமர்ந்திருந்தனர். இவர்களும் போஹிட்டியாவப் பிள்ளைகளும் ஒரே வயதினர், ஒரே பரீட்சைக்குத் தோற்றுவோர், ஒரே தலைமுறையினர்.

மலையகத் தோட்டங்களின் நிலை இதனினும் துலக்கமானது. ஒரு லயன் வீட்டில் ஒரு தொலைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் அது வீடு திரும்பும்போது மூன்று பிள்ளைகளின் மூன்று வகுப்புகளும் முடிந்திருக்கும். 'றீலோட்' போடுவதற்கு நாட்கூலியிற் பங்கு வேண்டும். நகரம், கிராமம், தோட்டம் என வகுத்து அரசின் புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்துவரும் அளவீடுகளிற் கணனியுள்ள வீடுகள் தோட்டத்துறையிலேயே மிகக் குறைவாகக் காணப்படுகின்றன. இது தலைமுறை இடைவெளியா? வர்க்க இடைவெளியைத் தலைமுறை இடைவெளி என்று பெயர் மாற்றி அழைப்பது நாகரிகமாயிருக்கலாம், நேர்மையாகாது.

வசதிகளின் ஏற்றத்தாழ்வு பரீட்சைப் பெறுபேற்றைத் தீர்மானிக்கின்றது என்பதை அரசு அறியாததன்று. பெரும்பாலான துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா ஆகியனவும் அடங்கும். எழுபதுகளின் தரப்படுத்தலால் எமது சமூகம் அடைந்த காயமும் கசப்பும் வேறொரு நீண்ட வரலாறு. எனினும், வாசலில் ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்ட அரசு வகுப்பறைக்குள் அதனைப் போக்க என்ன செய்தது என்று கேட்க எமக்கு உரிமையுண்டு.

திரையை விட்டுக் கடதாசிக்குத் திரும்புவோம் என்போர் 2022 ஆம் ஆண்டையும் நினைவிற் கொள்வார்களாக. அவ்வாண்டு மார்ச்சில், பொருளாதார நெருக்கடியால் அச்சிடுவதற்குக் கடதாசியும் மையும் இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை நீண்டது. கடதாசியும் ஒரு தொழினுட்பமே; அதற்கும் அந்நியச் செலாவணி வேண்டும் என்பதை அவ்வாண்டு எல்லாத் தலைமுறையினருக்கும் ஒருங்கே கற்பித்தது.

பரீட்சை மாறாதவரை

கருவி வந்துசேர்ந்தாலும் கல்வி மாறிவிடுவதில்லை. எமது சாதாரண தரக் கணித பாடத்தில் கணிகருவியின் பயன்பாடு கற்பிக்கப்பட்டது. பரீட்சை மண்டபத்திலோ நாம் மடக்கை அட்டவணையையே புரட்டினோம். மடக்கை பயனற்றது என்பது எமது வாதமன்று. வகுப்பறை ஒரு கருவியையும் பரீட்சை வேறொரு கருவியையும் பேணுமாயின், மாணவர் பரீட்சையின் பக்கமே நிற்பர் என்பதே நாம் சுட்ட விரும்புவது.

இதன் விளைவு இன்று முற்றி வெளிப்பட்டிருக்கின்றது. 2022 நவம்பரில் 'சட் ஜிபிடி' வெளியானது முதல், வினாவைக் கொடுத்ததும் விடையை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு மாணவர் கைக்கு எட்டிவிட்டது. உடனே களவு, களவு என்னும் கூக்குரல் எழுந்தது. களவு நிகழ்கின்றது, இல்லையென்பார் இலர். ஆனால், ஓர் இயந்திரம் ஒரு நொடியில் விடையளிக்கக்கூடிய வினாவை ஆண்டுதோறும் மாணவரிடம் கேட்பதன் பயன் யாது? 'இக்கவிஞரின் சமூக நோக்கினை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக' என்ற வினாவுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் ரியூட்டரி விடையளித்தது. இன்று இயந்திரம் அளிக்கின்றது. அவ்விடை அன்றும் மாணவருடையதாக இருக்கவில்லை, இன்றும் இல்லை. உமது ஊர்ச் சனசமூக நிலையம் யாரால், எப்போது, எதற்காகத் தொடங்கப்பட்டது, அங்கு யார் வாசித்தனர், யார் உள்ளே அனுமதிக்கப்படவில்லை என்று முதியோரிடம் கேட்டு எழுதுக என்று பணித்துப் பாருங்கள். எந்த இயந்திரமும் அதற்கு விடை தராது. தந்தாலும் அது பொய்யென்பது ஊரிலுள்ள முதியவருக்குத் தெரிந்துவிடும்.

இயந்திரத்திடம் கட்டுரையை ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருக்கும் எமது சகமாணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவ்வியந்திரம் இல்லாத நூலை இருப்பதாகக் கூறவல்லது. எழுதாத ஆசிரியரை எழுதியதாக்க வல்லது. இணையத்திலுள்ள தமிழின் பெரும்பகுதி தமிழகத்திலிருந்து வந்தமையால், அதன் தமிழும் அவ்வழியதே. நாம் பரீட்சை என்பதை அது தேர்வு என்னும்; நாம் விஞ்ஞானம் என்பதை அறிவியல் என்னும். அச்சொற்கள் தரத்திற் குறைந்தவையல்ல. ஆனால் எம்முடையவை அல்ல. எம் பாட்டனாரும் ஆசிரியரும் வழங்கிய சொல்லை நாமே எழுதாதுவிடின், எமக்காக அதனை எழுத எந்த இயந்திரமும் வரப்போவதில்லை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

கைத்தொலைபேசி கவனத்தைச் சிதறடிக்கவில்லையா என்று வினவுவர். சிதறடிக்கின்றது. கவனத்தையே பண்டமாக்கி விற்கும் பெருநிறுவனங்கள் அதன் பின்னால் உள்ளன. ஆனால் அவ்வணிகம் பதினாறு வயதுப் பிள்ளையையும் ஐம்பது வயதுத் தந்தையையும் ஒருங்கேதான் குறிவைக்கின்றது. 2023 ஆம் ஆண்டில் சுவீடன் அரசு பாடசாலைகளில் அச்சு நூல்களுக்கு மீண்டும் முதன்மை அளிக்க முனைந்ததை ஆதாரமாகக் காட்டுவர். சுவீடனிலே திரையை அகற்றினால் நிறைந்த நூலகமொன்று பின்னே நிற்கும். எமது பின்தங்கிய பாடசாலைகளில் திரையை அகற்றினால் எஞ்சுவது வெறும் சுவர். அதே ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட உலகளாவிய கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், கல்வியில் தொழினுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி அமைகின்றது என்ற வினாவையே தன் தலைப்பில் எழுப்பியது. எமது வினாவும் அதுவே.

செய்யவேண்டியவை

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 இற் பாடநூல்கள் இலவசமாயின. பாடநூல் வாங்க இயலாத பிள்ளையைச் சோம்பேறி என்று அழைப்பது அநீதி என்பதை இந்நாடு அன்று ஏற்றுக்கொண்டது. இணையமும் கருவியும் பாடநூலின் இடத்தைப் பெற்றுவிட்ட இன்று அக்கொள்கை அவற்றுக்கும் நீட்டப்படுதல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருவி கொடுத்தல் உடனடியாக இயலாதாயின், ஒவ்வொரு தோட்டத்திலும் கிராமத்திலும் மாலையில் திறந்திருக்கும் வாசிகசாலையொன்றில் அவ்வசதியை ஏற்படுத்தலாம். வினாத்தாள் அமைப்போர், ஆக்கிவைத்த விடைகளுக்கு எட்டாத வினாக்களை அமைத்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சியிலும் மாணவர் பாடத்திட்டத்திலும் தகவலை ஆராய்ந்து ஏற்கும் பயிற்சி இடம்பெறல் வேண்டும்.

தலைமுறைகள் பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு எம்மிடையே ஒரு சான்று உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள் பல எவரும் வாசிக்கத்தக்கனவாய் உள்ளன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலர்களும் அவற்றுள் அடங்கும். அலுமாரியில் அவற்றைப் போற்றிக் காத்தவர் மூத்தோர்; அவற்றை மின்வருடி ஏற்றுவதற்குக் கணனி அறிவு தந்தோருள் இளையோர் பலர். காத்தவர் இன்றேல் ஏற்றுவதற்கு எதுவுமில்லை. ஏற்றுவோர் இன்றேல் காத்தது கறையானுக்கு இரை.

ஆகவே, மேடைகளில் எம்மைப் பழிக்கும் பெரியோரை ஒன்று வேண்டுகின்றோம். எமது கையிலிருப்பது யாது என்று கேட்பதை நிறுத்தி, எமக்குத் தரப்பட்ட வினாத்தாளில் இருப்பது யாது என்று பாருங்கள். போஹிட்டியாவப் பாறையின்மீது ஏறிய பிள்ளையிடம் வாசிப்பின்மை பற்றி உபதேசிக்கும் தகுதி எவருக்கும் இல்லை.